அயனி எங்கே, எப்படி, எவ்வளவு நேரத்தில் மறைகிறது? தரையிலிருந்து 400 கிலோமீட்டர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடையில் வாங்கிய 'அயனைசர்' என்ற காற்றுச் சுத்திகரிப்புக் கருவியைச் சுவரோரம் வைத்திருந்தோம். அயனிகளைக் காற்றில் விடுவது அதன் வேலை. அயனி என்றால் எலக்ட்ரானை இழந்தோ கூடுதலாகப் பெற்றோ மின்னூட்டம் ஏறிய அணு அல்லது மூலக்கூறு. மூன்று மாதத்தில் வெள்ளைச் சுவர் ஊதுபத்திப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த அண்ணன் மகள் அதைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இந்த அயனி எல்லாம் எவ்வளவு நேரம்தான் உயிரோடு இருக்கும்? வந்த வேகத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து ஒழிந்துவிடாதா?" என்று கேட்டாள். தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள்.

உயரத்தைப் பொறுத்தது என்றேன். அவள் விடவில்லை. எங்கள் 12ஆம் மாடி என்றால் எவ்வளவு, விமானம் பறக்கும் உயரத்தில் எவ்வளவு, செயற்கைக்கோள் சுற்றும் இடத்தில் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டாள். அன்று அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் நீங்களும் கூடவே போட்டுப் பார்க்கலாம்.

படி 1: ஆற்றலை யார் வாங்கிக்கொள்வது என்று கேளுங்கள்

ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க ஆற்றல் செலவாகிறது. நைட்ரிக் ஆக்சைடுக்கு 9.3 எலக்ட்ரான் வோல்ட், ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 12.1, ஆக்சிஜன் அணுவுக்கு 13.6. பிரிந்தவை மறுபடி சேரும்போது இந்த ஆற்றல் வெளியே வந்தாக வேண்டும். அதற்கு வழி இல்லையென்றால் சேர்க்கை நடக்காது. நேரும் எதிரும் ஈர்த்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் ஈர்ப்பினால் வேகம் கூடி, ஒன்றையொன்று சுற்றி வளைந்து கடந்து போய்விடும். சூரியனை நெருங்கி வந்த வால்நட்சத்திரம் திரும்பிப் போவது போல.

பாடப்புத்தகங்கள் மறுசேர்க்கையை ஐந்தாறு வகையாகப் பிரித்து மனப்பாடம் செய்யச் சொல்லும். அது தேவையில்லை. அந்த மிச்ச ஆற்றலை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு உயரத்திலும் கேட்டால் போதும். கீழே சுற்றியிருக்கும் காற்று மூலக்கூறுகளின் கூட்டம் வாங்கிக்கொள்கிறது. 100 கிலோமீட்டரில் கூட்டம் இல்லை. அங்கே மூலக்கூறே இரண்டாக உடைந்து, உடைந்த துண்டுகள் அந்த ஆற்றலோடு பறந்து போகின்றன. 300 கிலோமீட்டரில் இருப்பது அணு அயனி. அணுவுக்கு உடைய எதுவும் இல்லை. அப்போது ஒளியாக உமிழ வேண்டும், அல்லது தன் மின்னூட்டத்தை வேறொரு மூலக்கூறின் தலையில் கட்ட வேண்டும்.

படி 2: வரவு செலவு எழுதுங்கள்

சமன்பாடு ஒன்றுதான். ஒரு கன சென்டிமீட்டரில் நொடிக்கு எத்தனை அயனி ஜோடி உருவாகிறதோ, நிலையாக இருக்கும்போது அத்தனை ஜோடி மறைய வேண்டும்:

உற்பத்தி = கெழு × நேரயனி எண்ணிக்கை × எதிரயனி எண்ணிக்கை

இரண்டு எண்ணிக்கையும் ஏறக்குறைய சமம் என்பதால், உற்பத்தியைக் கெழுவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். அந்த எண்ணிக்கையை உற்பத்தியால் வகுத்தால் ஓர் அயனியின் சராசரி ஆயுள். மறுசேர்க்கைக் கெழு என்பது இரண்டும் சந்தித்துச் சேரும் வேகத்தைச் சொல்லும் எண். அலகு கன செ.மீ./நொடி. உயரம் மாறினால் இந்தக் கெழு பத்து லட்சம் மடங்கு வரை மாறும்.

எதிர் மின்னூட்டத்தைச் சுமப்பது யார் என்பதையும் கவனியுங்கள். கீழ்க்காற்றில் தனி எலக்ட்ரான் கிடையாது. வெளியே வந்த எலக்ட்ரான் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்ளும். மேலே போகப் போகத்தான் எலக்ட்ரான் தனியாகத் திரிய முடியும்.

படி 3: தரையில் தொடங்குங்கள்

நிலத்தின் மேல் நொடிக்கு ஏறக்குறைய 10 ஜோடி உருவாகும். அதில் 2 விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரின் பங்கு. மீதி மண்ணிலும் பாறையிலும் உள்ள கதிரியக்கப் பொருள்களாலும், அவை கசியவிடும் ரேடான் வாயுவாலும் வருவது. தரைமட்டத்தில் கெழு 1.6 × 10⁻⁶. போட்டுப் பாருங்கள்: 10 ÷ (1.6 × 10⁻⁶), அதன் வர்க்கமூலம் 2,500. ஒரு கன சென்டிமீட்டருக்கு 2,500 நேரயனி, 2,500 எதிரயனி. ஆயுள் 2,500 ÷ 10 = 250 நொடி. நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

கடலின் மேல் ரேடான் அநேகமாக இல்லை. காஸ்மிக் கதிரின் 2 மட்டும்தான். எண்ணிக்கை 1,100ஐ ஒட்டி இறங்கும். ஆயுளோ ஒன்பது நிமிடமாக ஏறும். முதலில் பார்க்கும்போது இது தலைகீழாகத் தோன்றும். ஆள் குறைந்தால் துணை கிடைக்கவும் தாமதமாகும், அவ்வளவுதான்.

நம் தீவில் இந்த இரண்டும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. புக்கிட் தீமா குன்று கருங்கல். கருங்கல்லில் யுரேனியம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதிலிருந்து ரேடான் வரும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் தெற்கிலிருந்து கடற்காற்று அடிக்கும்போது வருவது கடலின் காற்று. ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள் என்பதால், சில நாள் கடல்மேல் திரிந்துவிட்டு வரும் காற்றில் அது பாதிக்கு மேல் கரைந்திருக்கும். காற்று திசை மாறினால் அயனிக் கணக்கும் மாறும்.

மேலே போட்டதெல்லாம் சுத்தமான காற்றின் கணக்கு. நகரத்துக் காற்றில் நுண்துகள் இருக்கிறது. அயனி தன் எதிர்த்துணையைத் தேடி அலைவதற்குள் ஒரு துகள்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. கன செ.மீ.க்கு 10,000 துகள், ஒட்டும் கெழு 2 × 10⁻⁶ என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது செலவுப் பக்கத்தில் இரண்டு வரி: மறுசேர்க்கையால் போவது ஒன்று, துகளில் ஒட்டிப் போவது இன்னொன்று. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் எண்ணிக்கை 480ஐ ஒட்டி வரும். ஆயுள் 48 நொடி. உருவாகும் பத்து ஜோடியில் நேரடியாகச் சேர்ந்து மறைவது அரை ஜோடிக்கும் குறைவு. மற்றதெல்லாம் துகளோடு போகிறது.

2013 ஜூன் 21 அன்று, காற்று எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 401 தொட்டது நினைவிருக்கும். சன்னலை அடைத்துக்கொண்டு, முகக்கவசம் தேடி அலைந்த நாள்கள். அப்படிப்பட்ட புகைமூட்டத்தில் துகள் எண்ணிக்கையை ஏற்றிப் போட்டுப் பாருங்கள். சிறு அயனிகள் இன்னும் வேகமாகக் காணாமல் போகும். சிறு அயனிதான் காற்றின் மின்கடத்தலுக்குக் காரணம். ஆகவே புகைமூட்டத்தில் காற்றின் கடத்துதிறன் விழும்.

சுவரிலிருந்த வட்டத்துக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கருவி எதிரயனியை மட்டும் கொட்டுகிறது. சேர்வதற்கு நேரயனி போதாது. அதனால் அவை துகள்களில் ஏறிக்கொண்டு, துகளையும் இழுத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் சுவரில் போய்ப் படிகின்றன. துகள் காற்றைவிட்டுப் போனது உண்மை. போன இடம் எங்கள் சுவர். விளம்பரத்தில் 'கோடிக்கணக்கான அயனிகள்' என்று போட்டிருந்தார்கள். எத்தனை நொடிக்கு என்று போடவில்லை.

படி 4: கூட்டத்தின் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள்

இதில் கொஞ்சம் நின்று போகலாம். மேலே ஏறும்போது கெழு ஏன் மாறுகிறது என்பது இங்கே விளங்கினால்தான் மற்ற படிகள் சுலபம்.

தீபாவளிக்கு முந்தைய இரவு சிராங்கூன் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்த் திசையிலிருந்து இரண்டு நண்பர்கள் ஓடி வருகிறார்கள். சாலை காலியாக இருந்தால் ஓடுகிற வேகத்தில் கைகாட்டிவிட்டுக் கடந்து போய்விடுவார்கள். ஓரளவு கூட்டம் இருந்தால் யார் மீதாவது இடித்து வேகம் தணியும், நின்று பேசுவார்கள். கூட்டம் முண்டியடித்தால் பூக்கடையிலிருந்து ஒருவர் பார்க்க, எதிர்ப்பக்கத்திலிருந்து மற்றவர் பார்க்க, நடுவில் நெருங்கவே முடியாது.

அயனிக்கும் இதே கதை. கூட்டம் குறைவான பக்கத்தை ஜே. ஜே. தாம்சன் 1924இல் விளக்கினார்: இரண்டு அயனிகள் ஒன்றையொன்று இழுக்கும் எல்லைக்குள் இருக்கும்போது மூன்றாவதாக ஒரு மூலக்கூறு வந்து மோதி ஆற்றலைக் கவர்ந்து போக வேண்டும். ஆகவே அழுத்தம் கூடக் கூட மறுசேர்க்கை வேகமெடுக்கும். நெரிசலான பக்கத்தை அதற்கு முன்பே, 1903இல், பால் லாஞ்சவின் சொல்லிவிட்டார்: அங்கே பிரச்சினை நெருங்கி வருவதுதான், அழுத்தம் கூடினால் அயனி நகர்வது மந்தமாகி மறுசேர்க்கை குறையும். இரண்டும் சந்திக்கும் உச்சம் ஏறக்குறைய நம் தரைமட்ட அழுத்தத்திலேயே இருக்கிறது. கெழு மிகப் பெரிதாக இருக்கக்கூடிய இடத்தில்தான் நாம் மூச்சு விடுகிறோம்.

இன்னொன்று. கீழே அயனி என்பது வெறும் அயனி அல்ல. நீர் மூலக்கூறுகள் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு கொத்தாகத்தான் திரியும். நேர்ப்பக்கம் ஹைட்ரோனியமும் அதைச் சுற்றிச் சில நீர் மூலக்கூறுகளும். எதிர்ப்பக்கம் பெரும்பாலும் நைட்ரேட்டும் அதனோடு நைட்ரிக் அமிலமும் நீரும். ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில் நீருக்குப் பஞ்சமா என்ன!

படி 5: விமான உயரத்துக்கும் அதற்கு மேலும் ஏறுங்கள்

1912 ஆகஸ்ட் 7 அன்று விக்டர் ஹெஸ் பலூனில் 5,300 மீட்டர் உயரம் போய், காற்றின் அயனியாக்கம் மேலே போகப் போகக் கூடுகிறது என்று கண்டார். மண்ணிலிருந்து வருவதானால் குறைய வேண்டுமே. காஸ்மிக் கதிரை உலகம் அறிந்தது இப்படித்தான். அப்புறம் 1930களில் ரேகனர், ஃபோட்சர் என்ற இயற்பியலாளர்கள் அளந்தபோது, 15 முதல் 20 கிலோமீட்டருக்குள் ஓர் உச்சம் வந்து அதன்பின் குறைவது தெரிந்தது.

நம் வட்டாரத்துக்கு இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. பூமியின் காந்தப்புலம் காஸ்மிக் கதிரை மிகக் கடுமையாகத் தடுப்பது தென்கிழக்காசியாவின் மேல்தான். தாய்லாந்தின் டோய் இந்தனோன் மலையில் காஸ்மிக் கதிரை அளக்கும் நியூட்ரான் கண்காணிப்பு நிலையத்தில் தடை வரம்பு, அதாவது காந்தப்புலத்தைத் தாண்டி வரக் கதிருக்கு வேண்டிய குறைந்தபட்ச அளவு, சுமார் 17 ஜிகாவோல்ட். உலகில் இப்படிப்பட்ட நிலையங்களிலேயே அதுதான் மிக அதிகம். ஆகவே சிங்கப்பூருக்கு மேலே உற்பத்தி, துருவத்துக்கு மேலே இருப்பதைவிட வெகு குறைவு.

சென்னைக்குப் போகும் விமானத்தில் 11 கிலோமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உற்பத்தி சுமார் 10 என்று எடுத்துக்கொண்டால், கெழுவும் தரைமட்டத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். அழுத்தம் குறைந்ததால் மூன்றாம் ஆள் கிடைப்பது அரிது. ஆனால் வெளியே மைனஸ் 45 டிகிரி குளிர். குளிரில் அயனி மெதுவாக நகர்வதால் சேருவது எளிது. ஒன்று குறைத்ததை மற்றொன்று ஈடுகட்டுகிறது. துகள்கள் குறைவு என்பதால் ஆயுள் மறுபடி சில நிமிடமாகிறது. ஆக, எங்கள் வீட்டு சன்னலுக்கு வெளியே 48 நொடி வாழும் அயனி, விமானத்து சன்னலுக்கு வெளியே நான்கு நிமிடம் வாழும்.

இதற்கு மேல் கூட்டம் கலையத் தொடங்கும். 30, 40 கிலோமீட்டரில் மூன்றாம் ஆள் வருவதே இல்லை என்ற நிலை. ஆனால் கெழு பூஜ்யமாகிவிடாது. நேரயனிக் கொத்தும் எதிரயனிக் கொத்தும் நேருக்கு நேர் மோதும்போது எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். ஆற்றலைச் சிதறும் துண்டுகள் வாங்கிக்கொள்ளும். இந்த வழியின் கெழு 6 × 10⁻⁸ அளவில் நிற்கிறது. 35 கிலோமீட்டருக்கு உற்பத்தி 0.1, கெழு 10⁻⁷ என்று தோராயமாகப் போட்டால் எண்ணிக்கை 1,000, ஆயுள் 10,000 நொடி. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உருவாவது நூறில் ஒரு பங்காகியும் எண்ணிக்கை ஐந்தில் இரண்டு பங்காகத்தான் குறைந்தது பாருங்கள். வர்க்கமூலமும் சிறுத்துப்போன கெழுவும் செய்யும் வேலை.

படி 6: டி அடுக்கு, 60 முதல் 90 கிலோமீட்டர்

இனி மேலே அயனியும் எலக்ட்ரானும் நிறைந்த காற்றைக் கீழிருந்து மேலாக டி, இ, எஃப் என்று அடுக்குகளாகப் பிரிப்பார்கள். இங்கே ஆட்டமே மாறுகிறது. பகலில் சூரியனின் லைமன் ஆல்ஃபா கதிர், 121.6 நானோமீட்டர் அலைநீளம், இங்கே கொஞ்சமே கொஞ்சமாக இருக்கும் நைட்ரிக் ஆக்சைடை அயனியாக்குகிறது. முதன்முறையாகத் தனி எலக்ட்ரான்கள் தலைகாட்டுகின்றன.

80 கிலோமீட்டருக்குக் கீழே நேரயனிகள் இன்னும் நீர் கோத்த கொத்துகள்தாம். எலக்ட்ரான் இப்படியொரு கொத்தைக் கண்டால் விடாது. கெழு 10⁻⁶ முதல் 10⁻⁵ வரை போகும். ஆற்றலை யார் வாங்கிக்கொள்வது? கொத்து சிதறி, ஒட்டியிருந்த நீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் பறக்கும். உடைவதற்கு நிறைய இருக்கிறது என்பதால் சேர்வதும் சுலபம்.

சூரியன் போனதும் எலக்ட்ரானுக்கு இன்னொரு எமன். 70 கிலோமீட்டரில் சில நொடிகளிலேயே ஆக்சிஜனோடு ஒட்டி எதிரயனியாகிவிடும். பகலில் சூரிய ஒளியும் ஆக்சிஜன் அணுக்களும் அதைத் திரும்பப் பிடுங்கிவிடும். இரவில் அது நடக்காது. எலக்ட்ரான்தான் வானொலி அலையோடு சேர்ந்து ஆடி, மூலக்கூறுகள் மேல் மோதி, அலையின் ஆற்றலைத் தின்பது. அயனி அதைவிடப் பல்லாயிரம் மடங்கு கனம், ஆடாது. ஆகவே இருட்டியதும் டி அடுக்கு வானொலி அலைக்குச் சன்னல் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். அலை அதைக் கடந்து மேலடுக்கில் பட்டுத் திரும்பி வரும், தூரத்து நிலையங்களும் கேட்கும். இதைக் கடைசிப் படியில் காதால் கேட்கலாம்.

படி 7: இ அடுக்கு, 90 முதல் 150 கிலோமீட்டர்

கணக்குப் போடுபவருக்குப் பிடித்த அடுக்கு இதுதான். அயனிகள் பெரும்பாலும் இரண்டே வகை: நைட்ரிக் ஆக்சைடு அயனி, ஆக்சிஜன் மூலக்கூறு அயனி. எதிர்ப்பக்கம் எலக்ட்ரான் மட்டும். நீர்க்கொத்து இல்லை, துகள் தொல்லை இல்லை.

இதன் பின்னால் ஒரு நல்ல துப்பறியும் கதை உண்டு. 1930கள் வரை, எலக்ட்ரான் அயனியோடு சேர்ந்து ஒளியை உமிழும் என்றே கணக்கிட்டார்கள். அதன் கெழு 10⁻¹². வானொலி அலைகளை வைத்து அளந்தால் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக எலக்ட்ரான்கள் மறைந்துகொண்டிருந்தன. எங்கே போகின்றன? 1947இல் டேவிட் பேட்ஸும் ஹாரி மாசியும் சொன்ன விடை: எலக்ட்ரான் மூலக்கூறு அயனியில் நுழைந்ததும் அந்த மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிளக்கிறது. ஒளி உமிழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆற்றல் பறக்கும் அணுக்களோடு போகிறது. பிற்பாடு ஆய்வகத்தில் அளந்தபோது அறை வெப்பநிலையில் கெழு 2 முதல் 4 × 10⁻⁷ என்று வந்தது.

நடுப்பகலில் கன செ.மீ.க்கு ஒரு லட்சம் எலக்ட்ரான், கெழு 3 × 10⁻⁷. இரண்டையும் பெருக்கித் தலைகீழாக்கினால் ஆயுள் 33 நொடி. ஒரு மேகம் சூரியனை மறைத்து விலகும் நேரம்கூட இல்லை. அதனால்தான் இ அடுக்கு சூரியனை நிழல் போலப் பின்தொடர்கிறது. சூரியன் நிற்கும் கோணத்தை வைத்து அயனி உற்பத்தியைச் சொல்லும், சிட்னி சேப்மன் 1931இல் எழுதிய சமன்பாடு இங்கே கச்சிதமாகப் பொருந்துவதற்கும் அதுவே காரணம்.

கதிர் நின்றதும் என்ன ஆகும்? எண்ணிக்கை = தொடக்க எண்ணிக்கை ÷ (1 + கெழு × தொடக்க எண்ணிக்கை × நேரம்). ஒரு நிமிடத்தில் 36,000. பத்து நிமிடத்தில் 5,300. ஒரு மணி நேரத்தில் 900 என்று கணக்கு சொல்லும். உண்மையில் சில ஆயிரத்தில் நின்றுவிடும். மேலே ஹைட்ரஜன் சிதறடித்துத் திருப்பி அனுப்பும் சூரிய ஒளியும், விண்மீன் ஒளியும், எரிகற்கள் விட்டுச்செல்லும் இரும்பு, மெக்னீசிய அயனிகளும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கின்றன. இரும்பு அயனி ஓர் அணு. உடைய முடியாதது. நாள்கணக்கில் கிடக்கும். கேள்வி இங்கேயும் வேலை செய்கிறது பார்த்தீர்களா.

படி 8: எஃப் அடுக்கு, 150 கிலோமீட்டருக்கு மேல்

250 முதல் 400 கிலோமீட்டருக்குள் எலக்ட்ரான் எண்ணிக்கை உச்சம் தொடுகிறது. பகலில் கன செ.மீ.க்குப் பத்து லட்சம். அயனி பெரும்பாலும் ஆக்சிஜன் அணு.

ஒளி உமிழ்ந்து சேர்வது மட்டும்தான் வழி என்றால் ஆயுளைப் பாருங்கள்: 10⁻¹² × 10⁶, தலைகீழாக்கினால் பத்து லட்சம் நொடி. கிட்டத்தட்ட பன்னிரண்டு நாள். ஆனால் இரவில் எஃப் அடுக்கு சில மணி நேரத்தில் கணிசமாகத் தேய்கிறது. அப்படியானால் குறுக்குவழி இருக்கிறது என்று அர்த்தம்.

அது இரண்டு கட்டம். முதலில் ஆக்சிஜன் அணு அயனி ஒரு நைட்ரஜன் மூலக்கூறையோ ஆக்சிஜன் மூலக்கூறையோ சந்தித்து, மின்னூட்டத்தை மாற்றிவிடும். நைட்ரிக் ஆக்சைடு அயனி அல்லது ஆக்சிஜன் மூலக்கூறு அயனி பிறக்கும். அப்புறம் படி 7இல் பார்த்த உடைப்பு. இரண்டாம் கட்டம் பத்துப் பதினைந்து நொடியில் முடிந்துவிடும். முதல் கட்டம்தான் இழுத்தடிக்கும், ஏனென்றால் அந்த உயரத்தில் மூலக்கூறுகள் அரிது. மறுசேர்க்கையின் வேகத்தை இங்கே நிர்ணயிப்பது எலக்ட்ரான் எண்ணிக்கை அல்ல, மூலக்கூறு எண்ணிக்கை. ஆகவே வர்க்கமூலக் கணக்கைத் தூக்கி வைத்துவிடுங்கள். உற்பத்தியை இழப்பு வேகத்தால் வகுத்தாலே போதும். 300 கிலோமீட்டரில் இழப்பு வேகம் நொடிக்கு 10⁻⁴ அளவில் இருக்கும். ஆயுள் மூன்று மணி நேரம் போல.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேலே ஏற ஏற, அயனியாக வேண்டிய ஆக்சிஜன் அணுவும் குறைகிறது, அயனியைக் கொல்லும் நைட்ரஜன் மூலக்கூறும் குறைகிறது. நைட்ரஜன் கனமானது, இன்னும் வேகமாகக் குறைகிறது. அதனால் உற்பத்தி குறைந்தும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஈர்ப்பு விசையும் விரவலும் (அடர்ந்த இடத்திலிருந்து பரவிப் போவது) அயனிகளைக் கீழே இழுக்கத் தொடங்க, அங்கே உச்சம் நிற்கும். அதாவது அயனி அதிகம் உருவாகும் இடத்தைத் தாண்டி, அது சாவதற்கு வழியில்லாத இடத்தில்தான் அடர்த்தி உச்சம் இருக்கிறது.

ஆக்சிஜன் மூலக்கூறு அயனி உடையும்போது சில ஆக்சிஜன் அணுக்கள் கிளர்ந்த நிலையில் பிறந்து, 630 நானோமீட்டரில் சிவப்பு ஒளியை உமிழும். அந்த ஒளி வர இரண்டு நிமிடம் போல ஆகும். கீழே அதற்குள் வேறெதுவாவது மோதி அணைத்துவிடும். அதனால் சுமார் 250 கிலோமீட்டர் உயரத்தில்தான் இந்தச் சிவப்பு. கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல், ஆனால் நல்ல கேமராவுக்குத் தெரியும். மறுசேர்க்கை நடப்பதை இரவு வானத்தில் நேரடியாகப் படமெடுக்க முடிகிறது.

படி 9: சிங்கப்பூரின் இரவை இதில் பொருத்துங்கள்

பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு, நெல்லைச் சீமையை ஒட்டிப் போகிறது. திருநெல்வேலியில் அதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று கேரளத்துத் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதும் இந்தக் கோட்டை நம்பித்தான். அதே கோடு கடலைத் தாண்டி, தாய்லாந்தின் தென்பகுதி வழியாகச் செல்கிறது. நாம் அதற்குச் சற்றுத் தெற்கே இருக்கிறோம்.

சூரியன் மறையும் நேரத்தில் இங்கே இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. இ அடுக்கு நிமிடக்கணக்கில் கரைகிறது. அதே வேளையில் மின்புலம் ஒன்று எஃப் அடுக்கை மேலே தூக்குகிறது. எஃப் அடுக்கின் அடிப்பகுதியில் மூலக்கூறு அதிகம், மறுசேர்க்கை வேகம். ஆகவே அடிப்பகுதி அரிக்கப்பட்டு, மேலே கனம், கீழே காலி என்று செங்குத்தாக நிற்கிறது. எண்ணெயின் மேல் தண்ணீரை நிறுத்தி வைத்தது போல. நிலைக்காது. கீழிருந்து காலியான குமிழிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே கிளம்பும். சிவப்பு ஒளிக் கேமராவில் இவை கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். மறுசேர ஆள் இல்லாத இடம், ஆகவே ஒளியும் இல்லை.

இந்தக் குமிழிகளின் ஓரத்தில் ஜிபிஎஸ் சைகை மினுங்கும். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், இரவு எட்டிலிருந்து நள்ளிரவு வரை இது அதிகம். குமிழி இல்லாவிட்டாலும் எலக்ட்ரான்கள் சைகையைத் தாமதப்படுத்தும். நேர்மேலே ஒரு சதுர மீட்டர் தூணில் 10¹⁶ எலக்ட்ரான் இருந்தால் ஜிபிஎஸ்ஸின் முதல் அலைவரிசையில் 16 செ.மீ. பிழை. நம் வட்டாரத்தில் உச்சக்கட்டப் பிற்பகலில் அதுபோல நூறு மடங்கு இருக்கக்கூடும்: 16 மீட்டர். சிங்கப்பூர் நில ஆணையத்தின் சைரன்ட் கட்டமைப்பு போன்றவை தரை நிலையங்களை வைத்துத் திருத்தம் அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். 2015 டிசம்பர் 16 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆறு சிங்கப்பூர்ச் செயற்கைக்கோள்களில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வெலாக்ஸ் சிஐயும் ஒன்று. காற்றுமண்டலத்தின் ஓரத்தை உரசிவரும் ஜிபிஎஸ் சைகை எவ்வளவு வளைகிறது என்று பார்த்து வெப்பமண்டலப் பருவநிலையை ஆராய அனுப்பப்பட்டது.

படி 10: காதால் சரிபாருங்கள்

மத்திய அலை பிடிக்கும் பழைய வானொலிப் பெட்டி ஒன்று போதும். வீட்டுக்குள் முயலாதீர்கள். நான் முதலில் எங்கள் தாழ்வாரத்தில்தான் வைத்துப் பார்த்தேன்; எல்இடி விளக்கும் லிஃப்டின் மோட்டாரும் போட்ட இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துத் திறந்தும் பார்த்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போனேன்.

மாலை ஆறரைக்குத் தொடங்குங்கள். முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நகர்த்தி, கேட்கும் நிலையங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சூரியன் ஏழு, ஏழேகால் வாக்கில் விழுந்துவிடும். ஏழு, ஏழேகால், ஏழரை, எட்டு என்று நான்கு முறை திரும்பச் செய்யுங்கள். பெட்டியைத் திருப்பாதீர்கள், உள்ளே இருக்கும் ஆன்டெனாவின் திசை மாறினால் ஒப்பிட முடியாது.

அன்று ஆறரைக்கு எங்களுக்குக் கிடைத்தது இரண்டு நிலையம். ஏழேகாலுக்கு இரைச்சலுக்கு அடியிலிருந்து ஓர் இந்தோனேசியப் பாட்டு எழுந்தது, முங்கியது, மறுபடி எழுந்தது. ஏழரைக்கு அது திடமாக நின்றது. எட்டு மணிக்கு ஒரே இடத்தில் இரண்டு மொழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு சண்டை போட்டன; அதில் ஒன்று தாய் மொழி என்று அவள் சொன்னாள். குறிப்பேட்டில் பதினொரு நிலையம் எழுதியிருந்தாள். எழுதி முடித்துவிட்டு, "அப்போ டி அடுக்கில் எலக்ட்ரான் போய்விட்டது, இ அடுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அலை அங்கே போய்த் திரும்புகிறதா, இல்லை எஃப்பிலா, சித்தப்பா?" என்று கேட்டாள். பேட்டரி தீரும்வரை இருந்து பார்ப்போம் என்றேன்.